லாரியில் அடிபட்டால் யார் பொறுப்பு? கடலூர்ப் பக்கம் புதிதாக வண்டி எடுப்பவர்களுக்கு

“உன் தப்புதானே, நீயே பார்த்துக்க.” கடலூர் முதுநகர் லாரி செட்டானாலும் சரி, சிப்காட் கேட் வாசலானாலும் சரி, அடிபட்ட டிரைவர் முதலில் கேட்பது இதைத்தான். தார்ப்பாய் கட்டும்போது லோடு மேலிருந்து வழுக்கி விழுந்தவரிடமும் சொல்வார்கள், விடியற்காலைத் தூக்கத்தில் மீடியனில் ஏற்றியவரிடமும் சொல்வார்கள். கிளீனராக இருந்து, ஹெவி லைசென்ஸ் எடுத்து, இப்போதுதான் தனியாக வண்டி எடுக்கும் பையன்கள் அதை அப்படியே நம்பி, ஊருக்குப் போய்க் கட்டுப்போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். வரவேண்டிய பணம் அங்கேயே போய்விடுகிறது.

தப்பு யாருடையது என்பது ஒரு கேள்வி. பணம் யார் தரவேண்டும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வந்துவிடும்.

மூன்று இடம், மூன்று கேள்வி

காவல் நிலையம் கேட்பது: குற்றம் செய்தது யார்? மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் கேட்பது: எந்த வண்டி டிரைவரின் கவனக்குறைவு? தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் கேட்பது: வேலையில் இருந்தபோது, அந்த வேலையால் அடிபட்டதா? மூன்றாவது இடத்தில் யார் தப்பு என்ற விசாரணையே கிடையாது. நீங்களே பிரேக்கைத் தாமதமாக மிதித்திருந்தாலும், பார்க்காமல் கால் வைத்து விழுந்திருந்தாலும், முதலாளி இழப்பீடு தரக் கடமைப்பட்டவர்தான்.

இது புதுச் சலுகை ஒன்றும் இல்லை. 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் இந்த விஷயம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020க்குள் போய்விட்டது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டம்தான் பேசும். நான் இங்கே சொல்லும் கணக்குகள் பழைய சட்டத்தில் உள்ளபடி. அடிப்படைக் கணக்கு புதியதிலும் அதே வழியில்தான் போகிறது.

விதிவிலக்கு உண்டு. காயத்தால் மூன்று நாளுக்கு மேல் வேலை கெடவில்லை என்றால் இழப்பீடு இல்லை. குடியோ போதைப்பொருளோதான் நேரடிக் காரணம் என்றாலும், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தாலும், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலும் முதலாளி தப்பிக்கலாம். ‘வேண்டுமென்றே’ என்பதைக் கவனியுங்கள். சாதாரண அஜாக்கிரதை அதில் சேராது. உயிர் போய்விட்டாலோ, நிரந்தரமாக முழுச் செயலிழப்பு ஏற்பட்டாலோ இந்த விதிவிலக்குகளைக்கூட முதலாளி சொல்ல முடியாது.

அதற்காகக் குடித்துவிட்டு ஓட்டலாம் என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலூரில் லோடு ஏற்றிப் புதுச்சேரி வழியாகப் போகிறவர்களுக்குக் கன்னியக்கோவில் பக்கம் வண்டி தானாகவே ஓரங்கட்டும், தெரியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் குற்றம். அந்த ஒரு ரிப்போர்ட் போதும், கை உடைந்த கேஸ், விரல் போன கேஸ் எல்லாம் கையைவிட்டுப் போக.

வண்டி எடுக்கும் முன் செய்ய வேண்டியது

வேலைக்குச் சேரும் அன்று இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், ‘செக்போஸ்ட்ல காட்டணும்’ என்று சொல்லிக் கேளுங்கள். அதில் மூன்று விஷயம் பாருங்கள்: காலாவதி தேதி, சம்பளம் வாங்கும் டிரைவருக்கும் கிளீனருக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறதா, எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறது. பிரீமியம் பட்டியலில் அந்த வரி சின்னதாக, சின்னத் தொகையாக இருக்கும். அது இருந்தால் உங்களுக்கு முதலாளி தரவேண்டிய இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கும்.

அடுத்தது, நீங்கள் அங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி. நம் லைனில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுக்கும் முதலாளியை விரல்விட்டு எண்ணலாம். விபத்து நடந்த பிறகு, ‘இவர் என் டிரைவரே இல்லை, அன்னைக்கு ஒரு நாள் ஆக்டிங் வந்தார்’ என்று சொல்வது சகஜம். சொல்லப்போனால் ஆக்டிங் டிரைவரும் வேலையில் இருந்தவர்தான், ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் வேலை. டிரிப் ஷீட், லாரி ரசீது, எடைமேடைச் சீட்டு, டீசல் பில், முதலாளி ஜிபேயில் அனுப்பிய பேட்டா, ‘எங்க இருக்க, எப்ப வருவ’ என்று வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு எல்லாமே சாட்சி. மாதத்துக்கு ஒரு முறையாவது இவற்றை வீட்டில் உள்ளவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். விபத்தில் முதலில் நொறுங்குவது உங்கள் போனாகத்தான் இருக்கும்.

சம்பளத்தில் ஒரு பகுதியாவது வங்கிக் கணக்கில் வரட்டும். பேட்டாவைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடலாமா கூடாதா என்று வழக்குக்கு வழக்கு சண்டை நடக்கும். கணக்கில் மாதாமாதம் வந்த தொகையை யாரும் அவ்வளவு சுலபமாக மறுக்க முடியாது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தால் கார்டு நம்பரை வாங்கிவிடுங்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு வேலைக் காயத்துக்கான பணம் அந்த வழியில்தான் வரும். முதலாளியிடம் தனியாகக் கேட்க முடியாது.

லைசென்ஸ் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 7,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு மேல் என்றால் ஹெவி இல்லாமல் ஏறாதீர்கள்.

சிப்காட் லோடு என்றால் தனிக் கவனம்

கடலூருக்கென்றே உள்ள தலைவலி இது. குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் தொழிற்சாலைகளில் அமிலமும் கரைப்பான்களும் டேங்கர் டேங்கராக ஏறி இறங்குகின்றன. நெய்வேலி சாம்பல் லாரியோ பண்ருட்டிப் பலாப்பழ லோடோ ஓட்டியவர் திடீரென்று ‘ஒரு டிரிப்தானே’ என்று டேங்கரில் ஏறக்கூடாது. ஆபத்தான சரக்கு ஓட்ட, பயிற்சி முடித்து லைசென்ஸில் அதற்கான பதிவு இருக்க வேண்டும்.

இங்கே பொறுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. சரக்கை அனுப்பும் கம்பெனி, வண்டியில் முதலுதவிப் பெட்டியும் பாதுகாப்புச் சாதனங்களும் தேவையான மாற்று மருந்தும் இருப்பதைப் பார்க்க வேண்டும். சரக்கு என்ன, அதனால் என்ன ஆபத்து என்று வண்டி உரிமையாளருக்கு முழு விவரம் தர வேண்டும். உரிமையாளர் அதை எழுத்தில் டிரைவரிடம் சேர்க்க வேண்டும். டிரைவர் அந்தத் தாளைக் கேபினுக்குள் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். டிரெம் கார்டு என்று சொல்வது இந்தத் தாளைத்தான். பல வண்டிகளில் அது சாமி படத்துக்குப் பின்னால் மடித்துச் செருகிக் கிடக்கும், அதுவும் வேறொரு கெமிக்கலுக்கான தாளாக இருக்கும். கேட்டைத் தாண்டும் முன் கார்டில் இருக்கும் சரக்கின் பெயரும் பில்லில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இல்லை என்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு போன் போடுங்கள். கசிவு ஏற்பட்டு முகத்தில் பட்டால் கண்ணில் எதை ஊற்றுவது, எதை ஊற்றக்கூடாது என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. கோர்ட்டு விஷயம் அப்புறம்.

ஓவர்லோடு விஷயத்திலும் ஒன்று தெரிந்திருங்கள். அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 சேரும். டிரைவர் உரிமையாளராக இல்லாதபோது, அதிக எடை உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் ஏற்றப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு சொல்கிறது. ‘ஏத்திட்டு வா’ என்று வந்த மெசேஜை அழிக்காதீர்கள்.

அடிபட்ட அன்று

சாலையில் என்றால் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு, ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி, ரேஷன் கார்டு கேட்க மாட்டார்கள். அதுபோக 2025இல் வந்த மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலவு ஏற்கப்படும். புதுச்சேரிப் பக்கம் அடிபட்டால் இது நினைவில் இருக்கட்டும். குடோனில் லோடு மேலிருந்து விழுந்தது சாலை விபத்துக் கணக்கில் வராது. அங்கே ஆஸ்பத்திரி பில்களைப் பத்திரப்படுத்துங்கள், மருத்துவச் செலவையும் முதலாளிதான் திருப்பித் தர வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டரோ நர்ஸோ, ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்பார். நீங்கள் சொல்வதை விபத்துப் பதிவேட்டில் ஒரே வரியில் எழுதுவார்கள். நம் ஆட்கள் ஏ.ஆர். காப்பி என்பது அதைத்தான். பக்கத்தில் நிற்கும் செட் ஆள், ‘போலீஸ் கேஸ் ஆயிடும், வீட்ல விழுந்தேன்னு சொல்லு’ என்று காதில் ஓதுவார். வலியில் தலையாட்டிவிடாதீர்கள். ‘இன்ன நம்பர் லாரியில், இன்ன இடத்தில், லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து விழுந்தேன்’ என்று முழுசாகச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வண்டி நம்பர், இடம், நேரம், செய்துகொண்டிருந்த வேலை, இந்த நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் புரட்டும் பக்கம் அதுதான். ‘மாடிப்படியில் தவறி விழுந்ததாக’ என்று அங்கே இருந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் ஜோடித்த கதையாகிவிடும். குடிக்கவில்லை என்றால் அதையும் பரிசோதித்துக் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பஞ்சர் கடையில் காற்றடிக்கும்போது லாக் ரிங் தெறித்து அடிபட்டதும், ஜாக்கி சரிந்ததும், இறக்கும் இடத்தில் மூட்டை சரிந்து காலில் விழுந்ததும் வேலைக் காயம்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஏன், தில்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்து சாலையோரத்தில் வண்டியை நிறுத்திய டிரைவர் ஒருவர் மாரடைப்பில் இறந்த வழக்கில், அதுவும் வேலையின் அழுத்தத்தால் வந்ததே என்று உச்ச நீதிமன்றம் 2013இல் இழப்பீடு கொடுத்தது. எல்லா மாரடைப்புக்கும் அப்படிக் கிடைத்துவிடாது. எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினார் என்ற ரெக்கார்டுதான் அங்கே பேசும்.

எல்லைச் சிக்கல்

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் எந்த வளைவு யாருக்குச் சொந்தம் என்று உள்ளூர்க்காரருக்கே குழப்பம் வரும். முள்ளோடையில் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி. ‘இது ரெட்டிச்சாவடி லிமிட்’, ‘இல்லை, கிருமாம்பாக்கம் லிமிட்’ என்று அலையவிட்டால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதை மரியாதையாகச் சுட்டிக்காட்டுங்கள். முதலில் பதிவு செய்து, அப்புறம் அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

வழக்குப் போடும் இடத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆந்திராவில் அடிபட்டாலும் நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உரிய தீர்ப்பாயத்திலோ ஆணையரிடமோ மனு போடலாம்.

எந்த வழியில் கேட்பது

எதிர் வண்டி மேல் தப்பு என்றால் தீர்ப்பாயம் நல்லது. அங்கே உங்கள் உண்மையான வருமானம், வலி, எதிர்கால இழப்பு எல்லாம் கணக்கில் வரும். ஆனால் 2022 ஏப்ரலுக்குப் பிந்தைய விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனு போடச் சட்டம் சொல்கிறது, காலம் தாழ்த்த வேண்டாம். உங்கள் மேல் தப்பு, அல்லது எதிர் வண்டியே இல்லை, தானாகக் கவிழ்ந்தது என்றால் தொழிலாளர் ஆணையர் வழி. அங்கே 2 ஆண்டுகளுக்குள் போடுங்கள். அதற்கு முன்பே, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், முதலாளிக்கு எழுத்தில் தகவல் போயிருக்க வேண்டும். பதிவுத் தபால் அனுப்பினால் சண்டை இல்லை. இரண்டு வழியும் திறந்திருந்தால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அவசரப்பட்டு ஒன்றில் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் கேளுங்கள்.

சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டாவது வழி இல்லை, முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. எதிர் வண்டி மேல் தப்பு இல்லாவிட்டால் அவருக்கு இருப்பது உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீட்டின் 15 லட்சம்தான். ரினியூவலில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்க அதை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டாதீர்கள்.

தொகை எவ்வளவு வரும்? ஆணையர் வழியில் கணக்கு நேரானது. மாதச் சம்பளத்தில், முழுச் செயலிழப்புக்கு 60 சதவீதம், இறப்புக்கு 50 சதவீதம் எடுத்து, சட்டத்தின் அட்டவணையில் உங்கள் வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து பழைய சட்டத்தில் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்கு எண் 207.98. ஆக முழுச் செயலிழப்புக்கு, 15,000இல் 60 சதவீதமான 9,000 பெருக்கல் 207.98, 18,71,820 ரூபாய். கட்டைவிரல் போனால் காயங்களுக்கான அட்டவணையில் இந்தத் தொகையில் 30 சதவீதம், அதாவது 5,61,546. கை கால் தற்காலிகமாக முடங்கினால் அரை மாதத்துக்கு ஒரு தடவை சம்பளத்தில் 25 சதவீதம்.

அட்டவணை சதவீதத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனால் அட்டவணையில் பாதியோ அதற்குச் சற்று மேலோதான் இருக்கும், ஆனால் லாரி டிரைவருக்குக் கால் போனால் தொழிலே போயிற்று. இடது கை போன தச்சர் ஒருவருக்கு முழுச் செயலிழப்பு என்று உச்ச நீதிமன்றம் 1970களிலேயே சொல்லியிருக்கிறது. மருத்துவச் சான்றிதழில் ‘இனி கனரக வாகனம் ஓட்ட முடியாது’ என்று டாக்டர் எழுதினால் வாதத்துக்குப் பலம் கிடைக்கும். ‘40 சதவீத ஊனம்’ என்று மட்டும் எழுதினால் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

உங்கள் வண்டியால் பிறருக்கு அடிபட்டால்

பணம் உரிமையாளர் மேலும் அவர் மூலம் இன்சூரன்ஸ் மேலும் போகும். கிரிமினல் வழக்கு உங்கள் மேல்தான் வரும், அதற்கு எந்தப் பாலிசியும் கிடையாது. கவனக்குறைவால் உயிர் போனால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)இல் ஐந்து ஆண்டு வரை தண்டனை, ஜாமீனில் வரலாம். ஓடிப்போனால் பத்து ஆண்டு வரை என்ற 106(2)ஐ எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரிகள் நின்றன. 2024 ஜூலை 1இல் புதுச் சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவரவில்லை.

அதற்காக ஓடிவிடலாம் என்றில்லை. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்வதும் உங்கள் கடமை. கூட்டம் அடிக்க வரும் என்றால் அங்கே நின்று அடிவாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அந்த நிலையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே ஏற்கிறது. நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், போகும்போதே 112க்குக் கூப்பிடுங்கள். அந்த அழைப்பின் நேரம் பதிவாகிவிடும்.

சில முதலாளிகள் ‘லைசென்ஸ் இருக்கிற வேற டிரைவரை ஒப்படைக்கிறேன், நீ ஊருக்குப் போ’ என்பார்கள். உதவி மாதிரி தெரியும். அடிபட்டது நீங்கள், ரெக்கார்டில் ஓட்டியது வேறொருவர் என்றால், உங்கள் காயத்துக்கு அந்த வண்டியில் நீங்கள் இருந்த காரணமே காணாமல் போய்விடும். பொய்ச் சாட்சி வழக்கு தனி.

சமரசம் பேச வரும்போது

பழங்களோடு வருவார்கள், கூடவே ஒரு ஸ்டாம்ப் பேப்பரும் வரும். ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் இழப்பீட்டுச் சட்டத்தின்படி செல்லாது. இறந்தவர் வழக்கில் இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், குடும்பத்தார் கையில் நேராகக் கொடுத்தால் அது கணக்கில் வராது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம்.

முதலாளி நல்லவராக இருந்தால் ஒரு விஷயம் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் பழைய சட்டத்தில் 12 சதவீத வட்டியும், தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம். வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கும். அபராதம் முதலாளி பாக்கெட்டிலிருந்துதான் போகும், 1997இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பிரித்தது. கம்பெனிக்கு உடனே தகவல் கொடுத்து, டிரைவரை ‘என் ஆள்தான்’ என்று ஒத்துக்கொள்வது அவருக்கே லாபம். இதைக் கேட்டதும் முகம் மாறிய முதலாளிகள் உண்டு.

வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, 15100க்கு போன் செய்தாலும் வழிகாட்டுவார்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் என எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. கணவரை இழந்து தனியாக நிற்கும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம். போகும்போது ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர். நகல், பாலிசி போட்டோ, லைசென்ஸ், வங்கிப் பாஸ்புக், வயதுச் சான்று ஆகியவற்றை இரண்டு செட் நகலோடு எடுத்துப் போங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.